ஆன்லைனில் இருந்தார்

அண்ணன் ஷபீ அஹமதைப் பின்கட்டில் ஆண்கள் குளிப்பாட்டிக்கொண்டிருக்கையில், உமைமா அவர் அறைக்குள் போய்க் கம்ப்யூட்டரை அணைக்க நின்றாள். திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. யாரும் தொடாத அம்புக்குறி லேசாகத் துடித்தது. பெங்களூரிலிருந்து டீம் லீட் எழுதியிருந்தான்: 'நேத்து ஒரு நிமிஷம்கூட சீட்டை விட்டு நகரல சார் நீங்க. சின்னப் பசங்களுக்கு உங்களத்தான் உதாரணமா சொன்னேன்.'

மவுஸைத் தூக்கினாள். அடியில் கைக்கடிகாரம். நொடிமுள் ஓட ஓட அம்புக்குறி நகரும்; ஆள் வேலை செய்வதாகக் கம்பெனி நம்பும். ஐ.டி. வேலையில் வயதாவதைப் பற்றி வேலூரில் நாலு வருடமாக எழுதி முடியாத அவளுடைய ஆராய்ச்சியில், நான்காம் அத்தியாயத்திலேயே இந்தத் தந்திரம் இருக்கிறது. சொன்னது அண்ணன்தான். "தோஸ்த் ஒருத்தன் செய்வான்மா. நாப்பத்தெட்டு வயசு, பயந்தாங்கொள்ளி." அண்ணனுக்கும் நாற்பத்தெட்டு. அவள் சிரித்துக்கொண்டே 'தோஸ்த்' என்று குறித்துக்கொண்டாள்.

நேற்றுப் பதினோரு மணிக்குக் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்ததும் அவள்தான். நாற்காலி முதுகு, அதற்கு மேல் கொஞ்சம் சாயம் பூசிய முடி, அசையும் அம்புக்குறி. டீயோடு வந்த அண்ணன் மனைவி அம்பரீனை, "மீட்டிங்ல இருக்காரு பாபி, பேஜார் பண்ணாதீங்க" என்று திருப்பி அனுப்பினாள்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தார்கள். "காலைல பத்துக்குள்ளயே உயிர் போயிருக்கும்மா" என்று டாக்டர் அவள் காதில் மட்டும் சொன்னார்.

அறுபது பேரைப் பேட்டி கண்டவள். ஒரு ஹலோவிலேயே வேலை போகிற பயத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். செத்தவருக்கும் மீட்டிங்கில் இருப்பவருக்கும்தான் வித்தியாசம் தெரியாமல் போயிற்று.

கூடத்தில் பில்கிஸ் அத்தை அம்பரீனின் முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "புருஷன் போயிட்டா நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இத்தா இருக்கணும். கணக்கு வைக்கணுமேம்மா, மௌத்து எத்தினி மணிக்கு?"

"பதினொன்னுக்கு இருந்தாரு அத்தே. உமைமா பாத்தா." பாபி நிமிர்ந்தாள். "இருந்தாருல்ல?"



"இருந்தாரு பாபி. கையக்கூட ஆட்டினாரு."

அம்பரீன் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு தணிந்த குரலில், "ஆமா" என்றாள். "ரெண்டு மணிக்கு நீ படுத்திருந்தப்போ நானும் போய்ப் பாத்தேன். எனக்கும் ஆட்டினாரு."

உமைமா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப ரெண்டுக்கு மேலதான்" என்று பில்கிஸ் அத்தை விரல் மடக்கத் தொடங்கினாள்.