சனிக்கிழமைச் சட்டம்

"இந்தக் கோழி கேசரோல் என் பொண்டாட்டி குடுத்தனுப்பினது. இது கமிட்டி குடுத்தனுப்பினது," என்று கோல்ஃப் கிளப் செயலாளர் வெண்டெல் க்ரேன் சாப்பாட்டு மேஜைமேல் ஒரு உறையை வைத்தார். ராய்ஸ் ஹாஸ்கெல்லைப் புதைத்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது.

அவனுடைய மனைவி வெர்னா நின்றபடியே படித்தாள். உறுப்பினர் காலமானதால் உறுப்புரிமையும் காலமாகிவிட்டதாம். மனைவிக்கு இனி கோல்ஃப் மைதானத்தில் இடமில்லையாம். கீழே ஆழ்ந்த அனுதாபங்கள்.

"இருபத்தாறு வருஷமா அங்க ஆடுறேன், வெண்டெல். பெண்கள் கோப்பைய ஏழு தடவை ஜெயிச்சிருக்கேன்."

"யாரு இல்லேன்னா? ஆனா ஆடினதெல்லாம் ராய்ஸ் பேர்லதானே? இன்னொரு மெம்பரைக் கட்டிக்கிட்டீங்கன்னா தானா உள்ள வந்துடலாம். சட்டம் ரொம்பத் தாராளம்."

"மாப்பிள்ளையும் கமிட்டியே பார்த்து வச்சிருக்கா?"

வெண்டெல் தொப்பியை எடுத்துக்கொண்டு நழுவினார்.

ஓஹையோவின் அந்த மூலையில் பல் டாக்டர்களும் கார் வியாபாரிகளும் பிரபுக்களாக நடிக்கப் பதினெட்டுக் குழிகளும் உயரமான வேலியும் தேவைப்பட்டன. அங்கே இன்னொரு சட்டமும் இருந்தது. சனிக்கிழமை மதியம்வரை உறுப்பினர் குடும்பத்துப் பெண்கள் மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. வாரமெல்லாம் உழைத்துக் களைத்த ஆண்கள் நிம்மதியாக ஆட வேண்டுமாம். அவர்கள் உழைத்த லட்சணம் அவரவர் வீட்டில் கேட்டால் தெரியும். ராய்ஸைவிட நன்றாக ஆடியவள் வெர்னா. ஆனாலும் சனிக்கிழமைதோறும் அவன் ஆடப் போனான், இவள் துணி தேய்த்தாள்.

ராய்ஸ் போனதில் நிஜமாகவே கலங்கியவர் பாய்ட் ஸ்டக்கி. சனிக்கிழமை ஜோடி ஆட்டத்தில் ராய்ஸ்தான் அவருக்குக் கூட்டாளி. வேறு ஆளோடு ஆடி இரண்டு வாரம் தோற்றதும் வெர்னாவுக்கு ஃபோன் செய்தார்.

"என்கூட விருந்தாளியா வந்து ஆடுறியா? மெம்பர் யாரை வேணும்னாலும் கூட்டிட்டு வரலாம்."

"சனிக்கிழமை பொம்பளைங்களுக்குத் தடையாச்சே, பாய்ட்."

"மெம்பர் வீட்டுப் பொம்பளைங்களுக்குத்தான். நீ இப்ப யார் வீட்டுப் பொம்பளையும் இல்லியே! சட்டத்த வரி வரியாப் பார்த்துட்டேன். அந்தக் கிளப் தலைவர் நார்ட்டன் மூஞ்சில ஒருவாட்டி கரியப் பூசணும், அவ்வளவுதான்."

அந்தப் பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் மட்டைகளைத் துடைத்து வைத்தாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வெர்னா மைதானத்தில் நின்றாள். வெண்டெல் சட்டப் புத்தகத்தோடு ஓடி வந்தார், புரட்டினார், புரட்டிக்கொண்டே திரும்பிப் போனார். விருந்தாளிகள் எல்லோரையும் தடுத்தால் தலைவர் நார்ட்டனின் வியாபார நண்பர்கள் எங்கே போவார்கள்? அந்த நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நார்ட்டன் வெர்னாவிடம் தோற்றார்.

அன்று மாலையே கமிட்டி அவசரமாகக் கூடியது. திங்கட்கிழமை வெண்டெல் அவள் கையெழுத்துக்காக ஒரு கடிதத்தோடு மறுபடியும் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"ஏகமனதாத் தீர்மானம் போட்டுட்டோம்! இனிமே விதவைங்களும் மெம்பர் குடும்பம்தான். நீங்க எப்பவும் எங்கள்ல ஒருத்தர், வெர்னா."

விதவைக்கு இடமில்லை என்று துரத்தியவர்கள், அவளை வெளியே நிறுத்தவென்றே உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

"அப்ப சனிக்கிழமை?"

வெண்டெல் தொண்டையைச் செருமினார். "அது... எல்லா லேடீஸும் மாதிரி, மதியத்துக்கு மேல."

வெர்னா கையெழுத்துப் போடாமலே கடிதத்தை மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"கமிட்டிக்கு என் நன்றியச் சொல்லுங்க. எனக்கு யார் வீட்டுப் பொம்பளையும் இல்லாம இருக்கறதே வசதியா இருக்கு. சனிக்கிழமை எட்டு மணிக்குப் பார்க்கலாம்."