நீர் வார்த்த கை

கதிரவன் ஒளியை மட்டும் ஈந்து வெம்மையை ஈய மறந்த தைத் திங்கள் முற்பகல் ஒன்றில், ஸ்காபரோ வெண்பனி போர்த்துக் கிடந்தது. இலையுதிர்ந்த மேப்பிள் மரங்கள் வெறுங்கிளைகளை விண்ணோக்கி ஏந்தி நிற்க, உப்புத் தூவிய பெருவீதியில் ஊர்திகள் கறுத்த சேற்றை வாரி இறைத்துச் செல்ல, கடைவரிசையின் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் உறைபனி படிந்து பாதி எழுத்தே காட்ட, அவற்றுக்கெல்லாம் மேலாய் ஓங்கி நின்றது பதினெட்டு மாடி கொண்ட அடுக்ககம். போர் துரத்திய குடும்பங்கள் பல அங்கே ஒண்டியிருந்தன. ஒரு வீட்டுக் குழம்பின் மணம் மறுவீட்டு வாயிலை எட்டும். துயர் அவ்வளவு எளிதில் சுவர் தாண்டுவதில்லை.

அதன் ஒன்பதாம் மாடியில் வாழ்ந்தவர் குலசிங்கம். கொக்குவிலில் பிறந்து, முப்பதாண்டுகள் நில அளவையாளராய் ஊரார் எல்லைகளை அளந்தவர். தொண்ணூற்றேழாம் ஆண்டு மகனிடம் வந்து சேர்ந்த முதற் குளிர்காலத்திலேயே, அவர் மனைவி இராஜேஸ்வரி வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒருசேர இழந்து படுக்கையில் வீழ்ந்தாள். மகனோ இரண்டு தொழிற்சாலைகளில் உழைத்து உறங்க மட்டும் வீடு வருபவன். தாதி கிழமைக்கு ஒருமுறையே வருவாள். அழுக்கான விரிப்புகளைச் சுமந்து மின்தூக்கியில் நின்ற குலசிங்கத்தை ஏழாம் மாடிக்காரி ஒருத்தி ஒருநாள் ஏறிட்டுப் பார்த்தாள். பாசையூரில் பிறந்து, கணவனைக் கடலுக்குக் கொடுத்து, தனியே வாழ்ந்த அவள் பெயர் செலீன்.

"அக்காவுக்கு ஏலாதெண்டு கேள்விப்பட்டன், அண்ணை. நான் வந்து மேல் கழுவிவிடட்டே?"

மறுக்க முடியாத நிலையில் இருந்ததால் குலசிங்கம் மறுக்கவில்லை, நம்பவும் இல்லை. கொழும்பு விடுதியில் அவர் தங்கியிருந்த நாள்களில், வேளை தவறாது சோறு கொண்டுவந்து, தம்பியினும் இனியவனாய்ப் பழகிய ஒருவன்தான் பின்னொரு காலை காவலர் நடுவே நின்று அவரைச் சுட்டிக்காட்டினான். பதினேழு நாள் சிறையிருந்து மீண்டவருக்கு, கேளாமல் வந்த கனிவெல்லாம் அன்று முதல் கண்ணியாகவே தோன்றிற்று. ஆதலால், செலீன் கழுவிய பொழுதெல்லாம் அவர் அவளுடைய கைகளைப் பார்க்கவில்லை, உதடுகளையே பார்த்தார். அவை ஒலியின்றி அசைந்தன. அவள் பையினுள் கருமணிச் செபமாலை ஒன்றும், சிறு எண்ணெய்ப் புட்டி ஒன்றும் இருக்கக் கண்டார். பேச்சிழந்தவளைத் தேர்ந்து வந்திருக்கிறாள், மறுத்துச் சொல்ல வாயில்லாதவளைத் தன் சமயத்துக்குக் கவரப் போகிறாள் என்று அவர் உள்ளம் நாள்தோறும் ஒரு கல்லாய் அடுக்கிச் சுவர் எழுப்பிற்று.

அந்தத் தைத் திங்கள் முற்பகலில், கடைக்குப் போவதாய்ச் சொல்லிப் புறப்பட்டவர், படியிறங்காமல் நடைவழியிலேயே சற்று நின்று, ஓசைபடாமல் கதவைத் திறந்து உள்ளே வந்தார். கட்டிலின் ஓரத்தில் தலை சாய்ந்து கிடந்தாள் இராஜேஸ்வரி. கீழே, வழியும் நீரை ஏந்த ஒரு வட்டில். மேலே, குவிந்த கையிலிருந்து அவள் நெற்றிமீது நீர் வார்த்துக்கொண்டிருந்தாள் செலீன்; உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

"என்ன செய்யிறியள்? ஞானஸ்நானம் குடுக்கிறியளோ?" என்று வாயிலிலிருந்தே கேட்டார் குலசிங்கம்.

"முழுக வாக்கிறன், அண்ணை. தலை சிக்குப் பிடிச்சுப்போச்சு."

"அவளைக் கேட்டுத்தான் செய்யிறியளோ? வாய் பேசமாட்டாளெண்டு தெரிஞ்சுதானே வந்தனியள்? இனி இஞ்சை வரவேண்டாம்."

செலீன் துண்டை எடுத்தாள். "ஓம், அண்ணை. ஆனால் ஈரத்தலையோடை விட்டிட்டுப் போகேலாது, குளிர் பிடிச்சிடும். துவட்டிப்போட்டுப் போறன்."

கள்வனைக் காவல் காப்பவர்போல் அவர் நின்றிருக்க, அவள் அவசரமின்றி ஒவ்வொரு கற்றையாய்த் துவட்டி, வாரி, பின்னி முடித்து, வட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வெளியேறினாள். இராஜேஸ்வரி கணவனைப் பாராது சுவர்ப்பக்கம் முகம் திருப்பிக்கொண்டாள்.

அதன்பின் எல்லாம் அவர் தலையில் விழுந்தது. நிலத்தின் கோணமெல்லாம் அறிந்த அவருக்கு, நோயுற்ற உடலை வலிக்காமல் திருப்பும் கோணம் தெரியவில்லை. ஆறாம் நாள் மனைவியின் முதுகில் செம்புண் ஒன்று வாய்திறந்திருந்தது. தாம் செய்தது சரியென்று யாரேனும் சொல்லக் கேட்க விரும்பியவராய், செலீன் வழிபடும் கத்தோலிக்கக் கோயிற் சபையின் செயலாளர் நீக்கிலாப்பிள்ளையைக் கோப்பிக் கடையில் தேடிக் கண்டார்.

"செலீன் எத்தனை பேரை உங்கட பக்கம் சேர்த்தவ?"

"செலீனோ?" நீக்கிலாப்பிள்ளை சிரித்துவிட்டார். "ஒருத்தரையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே பாதியிலைதான் வருவா. ஆரையாவது கழுவித் துடைச்சுப்போட்டு ஓடிவருவா. எங்கட ஆக்களுக்கு அவவிலை அதுதான் குறை."

இவரும் கூட்டுத்தானோ என்றது குலசிங்கத்தின் ஐயம். ஆயினும், சொல்லிழந்த மனைவி அன்று வலியால் முனகிய முனகல் அந்த ஐயத்தினும் உரத்து ஒலித்தது. ஏழாம் மாடிக்கு இறங்கிச் சென்று கதவைத் தட்டினார்.

"முதுகிலை புண் வந்திட்டுது," என்றார். செலீன் பையை எடுக்கத் திரும்பினாள். "நில்லுங்கோ. ஒண்டு கேக்கிறன், மறைக்காமல் சொல்லுங்கோ. அவளுக்காக உங்கட சாமியிட்டைச் செபம் செய்யிறனீங்களோ?"

"ஓம். கழுவேக்கை மனசுக்குள்ளை செய்யிறனான்."

"அவளை மாத்தவோ?"

"அவவுக்கு நோவு குறைய. அக்கா கேட்டால் என்ரை ஆண்டவரைப் பற்றிச் சொல்லுவன். கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "அவர் தன்ரை சீடர்மாரின்ரை காலைக் கழுவினவர், அண்ணை. அதைத்தான் எனக்குச் செய்யத் தெரியும். வேறை படிப்பு எனக்கில்லை."

இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கமாட்டார். அவரை ஏய்த்தவர் அனைவரும் இல்லை என்றே சொன்னவர்கள். ஓம் என்ற அச்சொல்லின்முன் அவர் தலை தாழ்ந்தது.

மேலே சென்றதும் செலீன் உடனே புண்ணைத் தொட்டுவிடவில்லை. கட்டிலருகே மண்டியிட்டு, நோயாளியின் இடக்கையைத் தன் கையில் ஏந்தினாள். "அக்கா, திருப்பட்டே? ஓமெண்டால் என்ரை கையை அமத்துங்கோ."

இராஜேஸ்வரியின் விரல்கள் மெல்ல இறுகின. கேட்டுத்தான் செய்கிறாயோ என்று அன்று தாம் எறிந்த வினாவுக்கு, நாள்தோறும் இந்த விடை அவ்வறையில் நிகழ்ந்துகொண்டிருந்ததைக் குலசிங்கம் அப்பொழுதே கண்டார். உதடுகளைக் காவல் காத்தவர் கைகளைக் காணத் தவறியிருந்தார். முப்பத்துநான்கு ஆண்டு இல்வாழ்வில் தாம் அவளை ஒன்றும் கேட்டுச் செய்ததில்லை என்ற நினைவு எழ, அவர் கட்டிலின் மறுபுறம் சென்று மண்டியிட்டார்.

"எங்கை பிடிக்கவேணும் எண்டு சொல்லுங்கோ," என்றார். செலீன் சொன்னாள். அவர் பிடித்தார்.

பதினெட்டுத் திங்கள் கழித்து, ஆடி மாதத்தில், இராஜேஸ்வரி புண்ணற்ற உடலோடு உயிர் நீத்தாள். செலீனே அவ்வுடலை நீராட்டி உடுத்தினாள்; தேவாரம் ஓதப்பட்ட வேளையில், கைகூப்பிப் பின்வரிசையில் நின்றாள். ஆவணி பிறந்ததும், நான்காம் மாடியில் இடுப்பொடிந்து கிடந்த முதியவர் ஒருவரைத் தூக்கித் திருப்ப அவளோடு குலசிங்கமும் போகத் தொடங்கினார். நெற்றியில் திருநீறு துலங்கப் போன அவரைப் பார்த்து, மனுசன் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டதாம் என்று அடுக்ககம் முணுமுணுத்தது. அவர் எதிர்வாதம் செய்யவில்லை, செலீனும் செய்ததில்லை.

அன்பர்களே, அடிபட்ட நெஞ்சு ஐயுறுவது இயல்பு. அதைப் பழித்துப் பயனில்லை. ஆயினும் ஐயத்தின் வினாக்கள் அனைத்தும் அடங்கிய பின்னரே ஒருவர்க்கு உதவுவோம் என்றிருந்தால், அதுவரை காத்திருக்க நோய்க்கு நேரமில்லை. தான் பற்றிக்கொண்ட இறைவன் மண்டியிட்ட இடத்தில் தானும் மண்டியிட்டாள் ஒருத்தி. அவளை அறிந்துகொள்ள, அவள் எதிரே தாமும் மண்டியிட வேண்டியிருந்தது குலசிங்கத்துக்கு.