அல்பேட்டின்ர நாலு புள்ளி

ஜெயமலர் அந்தப் பின்னேரம் மூண்டாம் தரமும் பேஸ்மென்ற் படியேறி மேல போயிட்டு வந்தா. கீழ செல்ஃபோன் பிடிக்காது, அதுதான். மேல குசினி யன்னலடியில நிண்டு ஃபோனைத் தூக்கிப் பார்க்கிறது, ஒண்டும் வந்திராது, திரும்ப இறங்கிறது.

"என்ன பிள்ளை, கால் கழண்டு விழப்போகுது. ஒரு இடத்தில இரன்," எண்டார் சண்முகநாதன்.

"இருக்கிறன் அண்ணை."

இருந்தா. கால் எங்க இருந்தது, மேசைக்குக் கீழ ஆடிக்கொண்டே கிடந்தது.

மல்வேர்னில சண்முகநாதன்ர வீட்டு பேஸ்மென்றிலதான் கூட்டம். கூட்டமெண்டால் மூண்டே மூண்டு பேர். ஞாயிற்றுக்கிழமையில பார்க்கில பேஸ்போல் விளையாடுற, ஊரை விட்டு இங்க வெளிநாட்டுக்கு வந்த எங்கட ஆக்களின்ர லீக் ஒண்டு இருக்கு, எட்டு ரீம். சண்முகநாதன் அதுக்குத் தலைவர். பிளம்மிங் வேலை செய்யிற மஃரூப் செயலாளர். ஜெயமலர் ஸ்கோர் எழுதிறவ. ஊரில தமையன்மாரின்ர கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் எழுதிப் பழகின கை எண்டு பிடிச்சுக்கொண்டு வந்து இருத்தினது. விளையாடுறதும் எல்லாம் கிரிக்கெட் விளையாடின ஆக்கள்தானே, பாருங்கோ. பேஸ்போலில அடிச்சிட்டு மட்டையைக் கீழ போடாமல் கிரிக்கெட் மாதிரித் தூக்கிக்கொண்டு ஓடுறவை இப்பவும் இருக்கினம்.

வருசத்தில திறமாப் பந்து போட்டவருக்கு ஒரு கப் குடுக்கிறது வழக்கம். இந்த வருசம் ரெண்டு பேர் மிஞ்சி நிக்கினம், அல்பேட்டும் ஸாஹித்தும். அதுதான் ஒரு மணித்தியாலமா இழுபடுது.

"ஸாஹித் போடுற பந்து கிட்ட வந்து விழுறதைப் பார்த்தால், அடிக்கிறவன் தனக்குக் கண் பழுதோ எண்டு நினைப்பான்," எண்டார் மஃரூப்.

"அல்பேட்டின்ர பந்து பிடிச்சவனுக்குக் கை வீங்கி ஒரு கிழமை கோப்பை கழுவேல்லை, தெரியுமே? அவன்ர மனிசி எனக்கு ஃபோன் எடுத்து ஏசினவ."

"அவன் அதுக்கு முந்தியும் கழுவுறேல்லை அண்ணை."

ஜெயமலருக்குச் சிரிப்பு வரேல்லை. கண் படியிலயே நிண்டது.

வைகாசியில சண்டை முடிஞ்சது, இப்ப புரட்டாதிக் கடைசி. முடிஞ்சது, முடிஞ்சது எண்டு எல்லாரும் சொல்லினம், ஆனால் நித்திரை கொண்ட ஆக்களைக் காணேல்லை. சனம் எல்லாம் வவுனியாவில முகாமில, கம்பிக்குள்ள. ஜெயமலரின்ர தங்கச்சி சாம்பவி அந்த முகாமில இருக்கிறாவோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடியொரு தங்கச்சி இருக்கிறாவெண்டே இந்த ரெண்டு பேருக்கும் தெரியாது. ஜெயமலர் சொல்லேல்லை. வாயைத் திறந்து 'காணேல்லை' எண்டு சொன்னால் அது உண்மையாப் போயிடுமெண்டு ஒரு பயம். நாலு மாசமா அதை வாய்க்குள்ள வைச்சுக்கொண்டு திரியிறா.

சண்முகநாதன் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "மஃரூப், அல்பேட் தாயை முள்ளிவாய்க்காலில பறிகுடுத்தவன். அந்தப் பெடியனுக்கு இந்த வருசம் ஒரு கப் எண்டாலும் குடுப்பம்."

"அண்ணை, கப் கைக்குக் குடுக்கிறது, கவலைக்கில்லை. தொண்ணூறில இயக்கக்காரர் எங்கட முஸ்லிம் சனத்தை ரெண்டு மணித்தியாலத்தில யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடு எண்டினம், வெளிக்கிட்டனாங்கள். எனக்கு ஒருத்தரும் கப் தரேல்லையே."

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவர். சண்முகநாதன் சிரிக்கேல்லை. றோல்ஸ் தட்டை அவருக்குக் கிட்டத் தள்ளினார்.

"மீன்தான். சாப்பிடும்." பிறகு, "சரி, ஸ்கோர் கொப்பியைப் பார்ப்பம்," எண்டார்.

இந்த லீக்கில அதுதான் சட்டம். கொப்பியில என்ன இருக்கோ அதுதான் முடிவு, அதுக்கு மேல கதையில்லை. சண்முகநாதன் கூட்டி வைச்சிருந்தார். "ரெண்டு பேரும் பத்துப் பத்து ஆட்டம். அல்பேட் குடுத்தது இருபது ரன். ஸாஹித் இருபத்தொண்டு. ஒரு ரன் குறையக் குடுத்தது அல்பேட். சரிதானே?"

மஃரூப் பெருமூச்சு விட்டார். "கொப்பி சொன்னால் சரி."

ஜெயமலரின்ர கால் ஆட்டம் நிண்டிட்டுது. "அண்ணை, கொப்பியை ஒருக்கால் தாங்கோ."

பக்கங்களைத் தட்டினா. மே பதினேழு. அண்டைக்கு சண்முகநாதனும் மஃரூப்பும் மைதானத்துக்கு வரேல்லை, டவுன்ரவுனில ஊர்வலத்துக்குப் போயிட்டினம். வீட்டுக்குள்ள இருந்தால் விசர் பிடிக்குமெண்டு வந்த கொஞ்சப்பேர்தான் விளையாடினது. மூண்டு இன்னிங்ஸ் வடிவா எழுதிக்கிடந்தது, அல்பேட் குடுத்தது ஒரு ரன். நாலில இருந்து ஏழு வரைக்கும் நாலு கட்டத்திலயும் ஒவ்வொரு புள்ளி.

கிரிக்கெட் தெரிஞ்ச ஆருக்கும் புள்ளியெண்டால் ஓட்டமில்லை எண்டுதானே அர்த்தம். வெள்ளைக்காரன் பார்த்திருந்தால் இதென்ன புள்ளி எண்டு கேட்டிருப்பான். சண்முகநாதன் கேட்கேல்லை, நாலு சைபராக் கூட்டிப்போட்டார்.

ஜெயமலர் திரும்பவும் எழும்பினா. ஃபோன் பார்க்கவெண்டு படி வரைக்கும் போனா, ஏறேல்லை, திரும்பி வந்து நிண்டா.

"இது பிழை."

"என்ன பிழை?"

"உது ஓட்டமில்லாத புள்ளி இல்லை. நான் பார்க்கேல்லை. கை தன்பாட்டில வைச்ச புள்ளி. அவன் ரன் குடுத்தவனோ இல்லையோ எனக்குத் தெரியாது."

சண்முகநாதன் கண்ணாடியைக் கழட்டினார். "மூண்டு வருசமா ஒரு பந்து விடாமல் எழுதின பிள்ளை, நாலு இன்னிங்ஸ் பார்க்கேல்லையோ?"

ஜெயமலர் கதிரையின்ர பின்பக்கத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. மஃரூப் வீட்டு ஃபோனை எடுத்தார். "அல்பேட்டையே கேட்பம்."

அல்பேட் பிறம்ரனில வெயாஹவுசில வேலையில நிண்டவன். ஸ்பீக்கரில போட்டினம், பின்னால லொறி பின்னுக்கு எடுக்கிற சத்தம்.

"அண்டைக்கோ? அஞ்சு ரன் குடுத்தனான் அண்ணை, கடைசி நாலு இன்னிங்ஸில. நாலாவதில ரெண்டு, ஆறாவதில மூண்டு. குடுத்தவனுக்கு மறக்குமே?"

"கொப்பியில இல்லையடா."

"தெரியும். ஆடியில கண்டனான். மலரக்கா அம்மான்ர செய்தி கேள்விப்பட்டு, பாவம் பார்த்து விட்டவ எண்டு நினைச்சன். எப்பிடிக் கேட்கிறது எண்டு பேசாமல் இருந்திட்டன். கப் ஸாஹித்துக்குத்தான் அண்ணை. எனக்கு வேண்டாம்."

ஜெயமலர் ஃபோனுக்குக் கிட்டக் குனிஞ்சா. "எனக்கு அப்ப உங்கட அம்மான்ர செய்தி தெரியாது அல்பேட். பாவம் பார்க்கேல்லை. அண்டைக்கு மூண்டாவது இன்னிங்ஸ் முடிய எனக்கு ஒரு கோல் வந்தது."

"ஆர் அக்கா?"

"ஊரில இருந்து. தங்கச்சியைப் பதினைஞ்சாம் திகதி ஆரோ கண்டதெண்டு. அதுக்குப் பிறகு காணேல்லையெண்டு."

சொல்லிப்போட்டா. சூடாக்கிற மெசின் ஒருக்கால் உறுமிப்போட்டு நிண்டுது.

"எந்த முகாமெண்டு விசாரிச்சனீங்களே அக்கா?" எண்டான் அல்பேட்.

"ஒருத்தரையும் விசாரிக்கேல்லை. அவையா எடுப்பினம் எண்டு இருக்கிறன்."

"நாலு மாசமாவோ?" சண்முகநாதன் கேட்டார். ஏச வெளிக்கிட்டவர், அவவின்ர முகத்தைப் பார்த்திட்டு நிப்பாட்டினார். "எங்களுக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம் பிள்ளை."

மஃரூப் அந்த மே பதினேழாம் திகதிப் பக்கத்தை எடுத்து, புள்ளியளுக்கு மேல ரெண்டு, சைபர், மூண்டு, சைபர் எண்டு எழுதினார். கீழ கையெழுத்து வைச்சார். பிறகு கொப்பியைப் பின்னட்டைப் பக்கம் திருப்பினார்.

"மச்சான்ர லொறி வவுனியா முகாமுக்கு மரக்கறி கொண்டு போறது, கிழமையில மூண்டு தரம். உள்ளுக்க விடுறதில்லைத்தான். ஆனால் கம்பியடியில நிண்டு ஒரு பேரைக் கேட்கலாம். சொல்லுங்கோ தங்கச்சி, அவவின்ர பேர்?"

"சாம்பவி." அவ கதிரையை இழுத்து இருந்தா. "சாம்பவி அருள்நாயகம். இடது புருவத்தில தழும்பு இருக்கு."

"வயசு?"

"முப்பத்தாறு."

மஃரூப் எழுதினார். ஜெயமலர் குனிஞ்சு, அவர் எழுதினதைத் தலைப்பில இருந்து ஒருக்கால் வாசிச்சா, ஸ்கோர் சரி பார்க்கிற மாதிரி. விரலை வயசில வைச்சா.

"உதை வெட்டுங்கோ மஃரூப் நானா. லொறி போய்ச் சேரேக்க ஐப்பசி பிறந்திடும், அவ பிறந்த மாசம். முப்பத்தேழு எண்டு போடுங்கோ."