உதைத்த பெடல்

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவரை நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருஷமாக வண்டி ஓட்டுகிறார். ஓட்டிய எந்த வண்டியிலும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஈ காக்கை இல்லாத சாலையில்கூட நாற்பதைத் தாண்ட மாட்டார். அப்படிப்பட்டவருக்குத்தான் ‘அதிவேகம், கவனக்குறைவு’ என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியின் பின்வாசலில், மூட்டை இறக்கும் மேடையை நோக்கி பிக்கப்பை ஊர்ந்தபடி கொண்டுபோனார். ஆறடி இருக்கும்போது பிரேக்கை மிதித்தார். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறி, பாதத்தை மேலே தள்ளியது. வண்டி நிற்காமல் தன்பாட்டுக்கு முன்னால் நகர்ந்தது. அழுக்குத் துணி ஏற்றிய தள்ளுவண்டியோடு மேடையோரமாகக் குறுக்கே வந்த துப்புரவு அம்மா அதை விட்டுவிட்டு ஓரமாகத் தாவி விழுந்தார். தள்ளுவண்டி நசுங்கியது. மேடைக் கைப்பிடிக் குழாய் வளைந்தது.

“கண்ணு எங்கப்பா வச்சிருந்த?” என்றார் அந்த அம்மா, சிராய்த்த முழங்கையைப் பிடித்துக்கொண்டு. நத்தை இறங்கி வந்து அவரைத் தூக்கிவிட்டார்.

அன்று மாலையே வொர்க்‌ஷாப் மெக்கானிக் வண்டியில் கோளாறு காட்டும் கருவியைச் செருகிப் பார்த்தான். கோளாறு எதுவும் பதிவாகவில்லை. டேஷ்போர்டில், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மேலாளருக்கு அது போதுமாக இருந்தது.

“வண்டியில ஒண்ணுமில்லைன்னு கம்ப்யூட்டரே சொல்லுது. அப்ப கோளாறு யார்கிட்ட?”

“சார், பெடல் என் காலை உதைச்சுது.”

“இத்தனை வருஷம் உதைக்காத பெடல் இன்னைக்கு உங்களை மட்டும் தேடி வந்து உதைச்சுதா? கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

நத்தை பேனாவைத் தொடவில்லை. கடிதத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, மெதுவாக, “நிஜத்தைச் சொல்லுங்க. கொஞ்சம் கண்ணசந்துட்டீங்களா?” என்றாள்.

மேலாளர் சொன்னதைவிட இதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பாதிச் சாப்பாட்டில் கை கழுவினார். “இருபது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கே நான் பொய் சொல்ற மாதிரி இருக்குன்னா ஊர்க்காரன் என்ன சொல்ல மாட்டான்?” அவள் ஏதோ சமாதானம் சொல்ல வந்தாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் வேலை தொடங்குவதற்கு முன்பே போய், சலவைக்கூடத்து முற்றத்தில் காலி வண்டியை ஓட்டிப் பார்த்தார். இருபது முறை நிறுத்தினார். வேகமாக வந்து நிறுத்தினால் பசுமாதிரி நின்றது. நடக்கிற வேகத்துக்கு இறங்கி, நிற்கப்போகும் அந்தக் கடைசி நொடியில்தான் பெடல் உதறியது. அதுவும் ஐந்து முறை மட்டும். நேராக வொர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டார்.

மெக்கானிக் இரண்டு கையையும் விரித்தான். “அண்ணே, நேத்தே பார்த்தாச்சு. சுத்தமா இருக்கு.”

“நீ பார்த்தது கருவியை. வண்டியைப் பார்க்கலை. ஏறு, நீ ஓட்டு.”

அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். முதல் மூன்று நிறுத்தத்திலும் சிரிப்பு இருந்தது. நான்காவதில், சுவரை ஒட்டி நிறுத்தப்போனபோது, பெடல் அவன் பாதத்தையும் தள்ளியது. கைப்பிரேக்கை வெடுக்கென்று இழுத்தான். சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இல்லை. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“இப்ப யாரு கண்ணசந்தது?” என்றார் நத்தை.

மெக்கானிக் கருவியை மறுபடி செருகினான். இந்த முறை பதிவான கோளாறைத் தேடாமல், ஓடும்போது நான்கு சக்கரங்களின் வேகமும் எப்படி மாறுகிறது என்று திரையில் வைத்துக்கொண்டான். நத்தை ஓட்டினார், அவன் பார்த்தான். வேகம் குறையக் குறைய மூன்று சக்கரங்கள் பத்து, எட்டு, ஐந்து என்று படிப்படியாக இறங்கின. இடது முன் சக்கரம் மட்டும் எட்டிலிருந்து ஒரே குதியாகப் பூஜ்யத்துக்கு விழுந்தது.

“சக்கரம் சுத்திக்கிட்டேதான் இருக்கு. அதோட வேகத்தை அளக்கிற சென்சார் நின்னுட்டதா சொல்லுது,” என்றான் அவன், குரல் இறங்கி. “சக்கரம் பூட்டிக்கிச்சு, வண்டி சறுக்குதுன்னு நினைச்சு ஏபிஎஸ் பிரேக்கை விட்டுடுது. அதான் உதைக்குது. இது கோளாறுன்னு அதுக்கே தெரியாது. அதனால பதிவும் இல்லை, விளக்கும் எரியாது.”

சக்கரத்தைக் கழற்றினார்கள். சக்கரம் பொருந்தும் ஹப்பின் மேல் ஒற்றை போல்ட்டில் உட்கார்ந்திருந்த சென்சாரை எடுத்ததும் விஷயம் வெட்டவெளிச்சமானது. அதற்கு அடியில் துரு ஏடு ஏடாகப் படர்ந்து, சென்சாரை அதன் இடத்திலிருந்து மேலே தூக்கிவிட்டிருந்தது. அந்தச் சிறு இடைவெளி போதும், மெதுவாகப் போகும்போது சிக்னல் அறுந்துபோக. மெக்கானிக் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, புது சென்சாரைப் பொருத்தினான். அதன் பிறகு முப்பது முறை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருமுறைகூட உதறவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்: “இது நேத்து வந்த துரு இல்லைண்ணே. போன வருஷம் ஒல்லியண்ணன் கேட்டை இடிச்சாரே, அதுவும் இதே வண்டிதான். அப்புறம் ஷெட்டுலயே கிடந்து, போன வாரம்தானே உங்க கைக்கு வந்துது? அவரும் பெடல் உதைச்சுதுன்னுதான் சொன்னார்.”

நத்தை அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒல்லியண்ணனைக் குடித்துவிட்டு ஓட்டினார் என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

“எழுதிக் குடு,” என்றார். “துரு எத்தனை நாளையதுன்னும் சேர்த்து எழுது.”

மேலாளர் அறிக்கையைப் படித்தார். “சரி, சரியாயிடுச்சுல்ல? கிளம்புங்க, ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருக்காங்க.”

“கடிதம்?”

“அது பாட்டுக்கு ஃபைல்ல கிடந்துட்டுப் போகுது. உங்களை என்ன பண்ணப்போகுது?”

நத்தை வண்டிச் சாவியை மேஜைமேல் வைத்தார். “அது கிடக்கிற வரைக்கும் இதுவும் இங்கேயே கிடக்கட்டும் சார். ஒல்லியண்ணன் குடிச்சிருந்தார்னு எழுதினீங்களே, அதையும் மாத்தி எழுதணும். ஊதச் சொல்லிப் பார்த்தீங்களா? ரத்தம் எடுத்தீங்களா? அந்தப் பேரோட அவரை யாரு வண்டியில ஏத்துவான்?”

“முடிஞ்ச கதையை எதுக்குய்யா கிளறுறீங்க?”

“உங்களுக்கு முடிஞ்சுது.”

பேச்சு வெளியே கேட்டது. மற்ற இரண்டு டிரைவர்களும் உள்ளே வந்து, எங்கள் வண்டி சென்சாரையும் கழற்றிப் பார்க்காமல் ஏறமாட்டோம் என்று தங்கள் சாவிகளையும் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் இரண்டாவது முறை அடித்தபோது மேலாளர் இரண்டு தாள்களை எடுத்தார். இரண்டு பேர் மேலும் தவறில்லை என்று எழுதினார், முத்திரை குத்தினார். வருத்தம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து உதிரவில்லை.

ஒல்லியண்ணன் ஒரு கடைக்கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கார்களுக்கு நிறுத்தக் கட்டணச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நத்தை தாளை நீட்டினார். கூண்டுக்குள்ளிருந்தே இரண்டு முறை படித்தார் ஒல்லியண்ணன்.

“நான் அன்னைக்குக் கரடியாக் கத்தினேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

இருந்தது. “போதையில இருந்தா பெடல் என்ன, செருப்புகூட உதைக்கும்னு சொன்னேன்.”

“எல்லாரும் சிரிச்சீங்க.”

“சிரிச்சோம்.” நத்தைக்கு முகம் எரிந்தது. நேற்றிலிருந்து யார் யார் மேலோ பொங்கிய கோபம் இப்போது எங்கே போவது என்று தெரியாமல் நெஞ்சிலேயே நின்றது. “தப்புண்ணே. மறுபடி வேலைக்கு வர்றீங்களா? சொல்லிப் பார்க்கிறேன்.”

“அந்த ஆள் முகத்துல முழிக்கவா? வேண்டாம்.” தாளை நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்து, பையைப் பொத்தான் போட்டு மூடினார். “என் பெரிய பொண்ணு இன்னும் என்னோட பேசறதில்லை. அவளுக்குக் காட்டணும்.”

பின்னால் ஒரு கார் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தது. ஒல்லியண்ணன் சீட்டைக் கிழிக்கத் திரும்பினார். நத்தை ஓரமாக ஒதுங்கி, அவர் வேலை ஓயட்டும் என்று நின்றார்.