வாயில் கட்டிய துண்டு

சித்தப்பாவின் முதல் அடி காதில் விழுந்தது. இரண்டாவதை முதுகில் வாங்கினேன். மூன்றாவதற்கு அவர் குனிந்து செம்பனை மட்டை ஒன்றின் அடித்துண்டைப் பொறுக்கினார். அதில் வரிசையாக முள் இருக்கும்.

"பொய்யாக் கத்துவியா? இனிமே கத்துவியாடா?"

"இல்ல சித்தப்பா... விழுதோய்!"

அடி வாங்கிக்கொண்டிருக்கும்போதும் அது வந்தது. தன்னைக் கேலி செய்கிறேன் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மட்டை என் தொடையில் இறங்கியது. முள் கால்சட்டையைக் கிழித்துக்கொண்டு சதையோடு வெளியே வந்தது.

நாலு நிரை தள்ளி, இந்தோனேசியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு லொம்போக்காரன் தரையில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டு அலறினான். என் சத்தத்தைக் கேட்டு ஓடியவன் அவன். ஓடிய வேகத்தில் வெட்டிப் போட்டிருந்த மட்டைக் குவியலில் மிதித்துவிட்டான். முள் பூட்சைத் துளைத்து உள்ளேயே ஒடிந்திருந்தது. மேலேயிருந்து எதுவும் விழவில்லை.

எங்களுடையது இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலை. ராயப்பன் சித்தப்பா வெட்டுவார். நீளக் கம்பின் நுனியில் கட்டிய அரிவாளை மரத்தின் உச்சிக்கு ஏற்றி, தலையை அண்ணாந்தபடியே குலையின் காம்பை அறுப்பார். கீழே யார் வருகிறார், போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. கீழே பார்க்க வேண்டியவன் நான். உதிரிப் பழம் பொறுக்குவதும் குலையைத் தள்ளுவண்டியில் ஏற்றுவதும் என் வேலை. காம்பு பிளக்கும் நேரம் நான் "விழுதோய்!" என்று கூப்பிட வேண்டும். பக்கத்து நிரைகளில் இருப்பவர்கள் விலகுவார்கள். லொம்போக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். குலை நேராகத் தலையில் விழுந்தால் எடுத்துப் போக உடம்பு மட்டும்தான் இருக்கும்.

அந்தச் சொல்லைத்தான் என் வாய் பிடித்துக்கொண்டது.

சின்ன வயதிலிருந்து உடம்பு என் பேச்சைக் கேட்டதில்லை. சுங்கை காடுட்டில் பேக்டரி வேலை செய்யும் பெவர்லி அக்காதான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இதற்கு டூரெட் என்று பேர், மூளை நரம்பு சம்பந்தப்பட்டது, பையன் வேண்டுமென்று செய்வதில்லை என்றார் டாக்டர். அம்மா அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பேய் இல்லீங்களே டாக்டர்?"

தும்மலுக்கு முன்னால் மூக்கில் ஒன்று கூடி வருமே, அதுபோல எனக்குக் கழுத்திலும் தோளிலும் தொண்டையிலும் கூடும். கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்க அடக்கப் பெருகும். பிறகு கழுத்து வெட்டி இழுக்கும். வலது கை முஷ்டியாகி என் தாடையையே குத்தும். என் முன்பல் ஒன்று என் கையாலேயே போனது. எந்தச் சத்தம் பக்கத்தில் அதிகம் கேட்கிறதோ அது வாயில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பள்ளியில் வாத்தியார் மேசையைத் தட்டினால் நானும் தட்டுவேன். அவர் ரோத்தான் பிரம்பால் விளாசினார். அந்தப் பிரம்பின் சத்தமும் வாயில் வந்தது. மூன்றாம் வகுப்போடு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அம்மா நாக்கில் மிளகாயைத் தேய்த்தாள். டாக்டர் கொடுத்த மாத்திரை தூங்க வைத்தது. டிராக்டரின் பின்னால் உட்கார்ந்திருந்த நான் தூங்கி விழுந்து தலை உடைந்ததோடு அதை விட்டுவிட்டேன்.

இப்போது "விழுதோய்". மாதா கோயிலில் சாமியார் அப்பத்தைத் தூக்கிப் பிடிக்கிற நேரத்தில் "விழுதோய்!" தம்பின் டவுன் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் கத்தியதும், தேத்தண்ணி கொண்டு வந்தவன் நான்கு கிளாசையும் கீழே போட்டான். "எங்க தம்பி விழுது? என் கடைக் கூரையா?" என்று கேட்டு முதலாளி சிரித்தார். அங்கே சிரிக்கலாம். மரத்தடியில் யாரும் சிரிக்கவில்லை.

எங்களை மேய்க்கும் கங்காணி, மண்டோர் நல்லசாமி, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். லொம்போக்காரனின் காலைப் பார்த்தார். அப்புறம் என் தொடையைப் பார்த்தார்.

"என்னா ராயப்பா, அண்ணன் மவன உரிச்சிட்ட போல?"

"பின்ன என்னா மண்டோர்? நாள் முழுக்க பொய்யாக் கூப்புடறான். ஒவ்வொருத்தனும் செத்துச் செத்துப் பொழைக்கறான்."

நல்லசாமி என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். "ஆரோனு, கேட்டுக்க. இன்னொரு தடவ பொய்யாக் கத்துன, வேலை இல்ல. வேலை இல்லன்னா வீடும் இல்லலா. ஒங்கம்மா மரியகொரெட்டிய கூட்டிக்கிட்டு எங்க வேணா போ."

அப்பா செத்த பிறகு தோட்டத்தார் கொடுத்த லயத்து வீடு என் வேலையில்தான் நிற்கிறது. பெவர்லி பேக்டரி ஹாஸ்டலில் கட்டிலோடு கட்டில் ஒட்டிப் போட்ட அறையில் பல பெண்களோடு தங்கியிருக்கிறாள். அம்மாவை அங்கே வைத்துக்கொள்ள முடியாது.

"கத்த மாட்டேன் மண்டோர்" என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். கழுத்து இரண்டு தடவை வெட்டியது.

சித்தப்பாவுக்குத்தான் ஒரு யோசனை வந்தது. சொல்லை விட்டுவிட்டு விசிலுக்கு மாறினால் என்ன? விசில் கேட்டால் விலகு, "விழுதோய்" கேட்டால் அது ஆரோன், கண்டுகொள்ளாதே. எல்லாருக்கும் சொல்லி வைத்தார். லொம்போக்காரர்களும் தலையாட்டினார்கள். சில நாள் நன்றாகவே போனது. நான் கத்தினால் ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்து நிரைக்காரன் ஒருவன் பதிலுக்கு "எழுந்துக்கோய்!" என்று கத்துவான், எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு என் வாய் விசிலையும் பிடித்துக்கொண்டது.

அன்றைக்கு அது தொடர்ந்து வந்தது. ஒவ்வொரு விசிலுக்கும் ஆட்கள் சிதறி ஓடினார்கள். தள்ளுவண்டிகள் கவிழ்ந்தன. கடைசியில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு எல்லாரும் என்னை நோக்கி வந்தார்கள். பழம் சேர்க்கிற மேடைக்குப் பின்னால் வைத்து மிதித்தார்கள். முள் குத்திய லொம்போக்காரனும் நொண்டிக்கொண்டே வந்து தன் பங்குக்கு ஒன்று கொடுத்தான். வயிற்றில் விழுந்த உதையில் மூச்சு நின்றது. மூச்சு திரும்பி வந்தபோது விசிலாக வந்தது. மறுபடியும் மிதித்தார்கள்.

"வேணும்னே செய்யறான்லா இவன்! நாம எதை மாத்துனாலும் அதையே செய்யறான் பாத்தியா?"

நல்லசாமி வந்து விலக்கினார். தன் கழுத்திலிருந்த துண்டை உருவினார். வியர்வையும் புகையிலையும் நாறியது.

"வாய்தானே சீக்கு? வாயக் கட்டிருவோம்."

"எப்படிக் கூப்புடுவான் மண்டோர்?" என்றார் சித்தப்பா. "நான் மேல பாக்கறதா, கீழ பாக்கறதா?"

"நீயே ரெண்டையும் பாருலா. இல்ல, இவன் வேணாம்னா சொல்லு, நாளைக்கே வேற ஆள் போடறேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வீடு தெரிந்தது. வீட்டைக் காலி செய்து அம்மா வாசலில் பானையைக் கவிழ்த்து வைப்பது தெரிந்தது.

"கட்டுங்க" என்றேன்.

துண்டின் நடுவில் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சைப் பல்லுக்கு நடுவே திணித்து, பின்னந்தலையில் இறுக்கினார். அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் நானே கட்டிக்கொண்டேன். "மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, ஆரோனுக்கு வாய்த்துண்டு" என்று யாரோ சொன்னார்கள்.

வாய்க்குப் போக வேண்டியது உடம்புக்குள் திரும்பியது. கழுத்து வெட்டி வெட்டி ராத்திரி தலையைத் தலையணையில் வைக்க முடியவில்லை. முஷ்டி தொடையில் ஆறாத காயத்தையே தேடித் தேடிக் குத்தியது. துண்டுக்குள் சத்தம் முனகலாக வரும். முனகலை யாரும் சட்டை செய்யவில்லை. வேலை நடந்தது. நல்லசாமி என்னைக் கடக்கும்போது முதுகில் தட்டிக்கொடுத்தார். "இப்ப மனுசன் மாதிரி இருக்கடா."

மழை விட்ட ஒரு காலை. மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரு பெரிய குலைக்கு அரிவாளைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தார். நனைந்த காம்பு லேசில் அறுபடவில்லை. அந்த நேரம் நல்லசாமி போனில் பேசிக்கொண்டே எங்கள் நிரைக்குள் நடந்து வந்தார். அவருடைய மஞ்சள் பாதுகாப்புத் தொப்பி மோட்டார் கைப்பிடியில் தொங்கியது. நேராக அந்த மரத்தடியில் வந்து நின்று, போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

காம்பு பிளக்கத் தொடங்கியதைப் பார்த்தேன். வெள்ளையாகத் தெரிந்தது.

கத்தினேன். துண்டுக்குள் ஊம் என்றது. எத்தனையோ நாளாக எல்லாரும் கேட்ட அதே ஊம். கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சைப் பிடித்தேன். மழையில் நனைந்து இறுகியிருந்தது. வலது கை முடிச்சை விட்டுவிட்டு என் தாடையைக் குத்தியது. ஓடினேன். நல்லசாமியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"டேய்! என் மேலயே கை வைக்கிறியா, நாயே!"

காலைத் தூக்கி என் வயிற்றில் உதைத்தார். நான் மல்லாந்து பின்னால் விழுந்தேன். உதைத்த வேகத்தில் அவர் ஒரு எட்டு பின்னால் போய், முதலில் நின்ற இடத்திலேயே மறுபடியும் நின்றார்.

குலை அவருடைய கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் விழுந்தது. காய்ந்த மட்டையை மிதித்தால் வருகிற சத்தம் வந்தது. அவர் மடிந்து உட்கார்ந்தார். தோள் எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. குலையின் முட்கள் கன்னத்தில் குத்தி நின்றன. போன் மட்டும் "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சித்தப்பா கம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தவர் முதலில் என்னைத்தான் அடித்தார்.

"பாத்துக்கிட்டுதானடா இருந்த? ஏண்டா கத்தல? ஏன் கத்தல?"

மூக்கு உடைந்து ரத்தம் துண்டில் இறங்கியது. மூச்சுக்குத் திணறினேன். அப்போதுதான் அவருக்குத் துண்டு கண்ணில் பட்டது. இடுப்புக் கத்தியை உருவி முடிச்சை அறுத்தார். காதும் கொஞ்சம் அறுந்தது.

நாள் கணக்கில் அடைத்து வைத்ததெல்லாம் வெளியே வந்தது. "விழுதோய்! விழுதோய்! விழுதோய்!" நல்லசாமி எலும்பு தெரியக் கிடக்க, அவர் தலைமாட்டில் நின்று நான் கத்தினேன். நிறுத்த முடியவில்லை. சுற்றி நின்ற ஆட்கள் ஒவ்வொரு சத்தத்துக்கும் அண்ணாந்து பார்த்து உடம்பைக் குறுக்கினார்கள்.

ஆபீஸ் பிக்கப் வந்தது. நாலு பேர் தூக்கி ஏற்றினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு நல்லசாமி டிரைவரிடம் சொன்னார்: "ஆரோன்தான்... என்னைப் புடிச்சு மரத்தடியில தள்ளுனான். மேனஜர்கிட்ட சொல்லு."

வண்டி போனதும் சித்தப்பா என் பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஆபீஸ்ல கேட்டா, துண்ட நீயாத்தான் கட்டிக்கிட்டன்னு சொல்லிரு."

"மண்டோர் கட்டுனாரு."

"இன்னைக்கு காலைல யாருடா கட்டுனது? நீதானே? பொய்யா சொல்லச் சொன்னேன்?"

"வீடு போயிரும் சித்தப்பா. அம்மா..."

"போனாப் போவட்டும்லா! மண்டோர் மாட்டுனா நானும் சேந்து மாட்டுவேன். வெட்டுனவன் நான். என் வேலை போனா ஒங்கம்மாவா சோறு போடுவா?"

அவர் முகம் என் முகத்துக்கு அருகில் இருந்தது. என் முஷ்டி மேலே எழுந்தது. அந்தத் தடவை அது தானாக எழவில்லை. நான்தான் எழுப்பினேன். அவர் விழுந்தார். மார்பில் முழங்காலை வைத்து அழுத்தி, ரத்தத்தில் ஊறிய துண்டை அவர் வாயில் திணித்துக் கட்டினேன். உதறினார், கடித்தார். தலையைப் பிடித்து மண்ணில் மோதினேன். பிறகு காலைப் பிடித்து இழுத்துப் பக்கத்து மரத்தடியில் போட்டு, அவர் இடுப்புப் பட்டையை உருவி இரண்டு கையையும் பின்னால் கட்டினேன்.

யாரும் தடுக்கவில்லை. லொம்போக்காரன் நொண்டிக் காலோடு இரண்டு அடி பின்னால் நகர்ந்தான்.

கம்பை எடுத்தேன். கை ஆடும் என்று சொல்லி சித்தப்பா ஒரு நாளும் அதை என்னைத் தொடவிட்டதில்லை. உச்சிக்கு ஏற்றி, ஒரு பச்சை மட்டையின் இடுக்கில் அரிவாளைக் கொடுத்தேன். கை ஆடவில்லை. கழுத்து வெட்டவில்லை. வாய்கூட அடங்கியிருந்தது. உடம்பு முழுவதும் அந்த அரிவாளின் நுனிக்குப் போய்விட்டது.

"இப்பக் கூப்புடு சித்தப்பா."

கீழே ஊம் ஊம் என்று கேட்டது.

"கேக்கல."

இழுத்தேன். மட்டை வந்தது. அவருடைய தலைக்கு ஒரு சாண் தள்ளி, முள் பக்கம் மண்ணில் புதைய விழுந்தது. ஓலை முகத்தில் அடித்தது. அவர் கால்சட்டை நனைந்துவிட்டது. துண்டை அவிழ்த்தபோது அவருக்கு வெறும் காற்றுதான் வந்தது. பிறகு சொன்னார்.

"மண்டோர்தான் கட்டச் சொன்னான். சொல்லிர்றேன். ஆபீஸ்ல சொல்லிர்றேன்."

சொன்னார். லொம்போக்காரர்களும் மலாயில் சொன்னார்கள். ஆளின் வாயைக் கட்டி வேலை வாங்கியது வெளியே போனால் யாருக்கும் நல்லதில்லை என்று மேனஜருக்குத் தெரிந்தது; விஷயத்தை அதோடு அமுக்கிவிட்டார். சித்தப்பாவை நான் அடித்ததைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நல்லசாமி ஒரு கை தூக்க முடியாதவராகி கோலா கிளாவாங் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வீடு இருக்கிறது. அம்மா வாசலில் பானையைக் கவிழ்க்கவில்லை.

இப்போது வெட்டுவது நான். உதிரிப் பழம் பொறுக்குவது சித்தப்பா. கம்பு கையில் இருக்கும்வரை உடம்பு சும்மா இருக்கும். கீழே வைத்ததும் கழுத்து வெட்டும், கை குத்தும், வாய் ஆரம்பிக்கும். "விழுதோய்!" நாள் முழுக்க, எந்த மரத்திலும் எதுவும் அசையாதபோதும்.

"ஒன் வாய்ல பேதி போவ" என்று திட்டுகிறார்கள். திட்டிக்கொண்டே, ஒவ்வொரு தடவையும், அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். முதலில் பார்ப்பது சித்தப்பா.