வட்டமும் கொக்கும் ஒன்றே

எர்ணாவூர் மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டி வடக்கே இறங்கும்போதெல்லாம் என் தம்பி சாவியோவின் கார் வேறொரு கம்பெனியின் காராக மாறியது. ராயபுரத்தில் கிளம்பும்போது பின்கதவில் வட்டச் சின்னம் இருக்கும். எண்ணூர்ப் பக்கம் இறங்கியதும் அதே இடத்தில் கொக்கு நிற்கும். திரும்பினால் மறுபடி வட்டம். சேஸிஸ் எண்ணின் முதல் மூன்று எழுத்துகளும் இருக்கைத் துணியின் நிறமும் கூடவே மாறின. வேறெதுவும் மாறவில்லை, மாற வேறெதுவும் இருக்கவும் இல்லை. இரண்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆட்கள் பூட்டிய வண்டிகள். கடைசியில் சிலவற்றுக்கு வட்டமும் சிலவற்றுக்குக் கொக்கும் ஒட்டி, கொக்குக்கு நாற்பதாயிரம் கூடுதலாக விலை வைப்பார்கள். கப்பலேறக் காத்து நிற்கும் கார்களை வேலி வழியாகப் பார்த்தே வளர்ந்த எங்கள் தெருவில் இது யாருக்கும் ரகசியமில்லை. வாடகைக்கு ஓட்டியவன் என்பதால், வட்டத்தில் ஏறிக் கொக்கில் இறங்கிய சவாரிகள் சிலர் முறைத்தார்கள். அவ்வளவுதான் தொந்தரவு.

பெருந்தொற்று முடிந்த மறுவருடம் வட்டக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பிரேக்கில் ஓர் உறுப்பு பழுதாகலாம், இலவசமாக மாற்றித் தருகிறோம், வண்டியைக் கொண்டுவாருங்கள். அவர்கள் குறித்துக் கொடுத்த சர்வீஸ் சென்டர் பாலத்துக்கு வடக்கே இருந்தது. சாவியோ போய்ச் சேர்ந்தபோது கார் கொக்காகியிருந்தது. மேசையிலிருந்த ஜோபின், “இது எங்க வண்டி இல்லியே சார்” என்றான். “யோவ், வூட்டாண்ட கெளம்பசொல்ல வட்டமாத்தான்யா இருந்துச்சு. பாலம் எறங்குனா கொக்காயிடுது. நான் இன்னா பண்ணட்டும்?” என்று இவன் கத்தினான். வீட்டு வாசலில் எடுத்து வைத்த போட்டோவும் பாலத்தில் கொக்காகிவிட்டது. மாதவரத்தில் இருந்த வட்டக் கம்பெனியின் இன்னொரு சென்டரோ, சிஸ்டத்தில் உங்கள் வண்டி அந்த வடக்குச் சென்டருக்குப் போடப்பட்டிருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. கொக்குக் கம்பெனியின் சென்டர் திருவொற்றியூரில், அதாவது பாலத்துக்குத் தெற்கே. அங்கே போனால் கார் வட்டம். அதோடு, கொக்கு வண்டியில் அந்தக் கோளாறே கிடையாது என்றும் சொன்னார்கள். “ரெண்டும் அதே பார்ட்டுதானே மாமு?” என்று கேட்டிருக்கிறான். “அதே பார்ட்டுதான். ஆனா எங்க பார்ட்டு” என்று பதில் வந்தது. பதினான்கு மாதத்தில் பத்தொன்பது முறை போனான். இருபதாவது முறை போகும் வழியில், எண்ணூர் சாலையில் வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளின் பின்னால் பிரேக் அடிவரை இறங்கியது, கார் நிற்கவில்லை. சாவியோ அங்கேயே போய்விட்டான். விபத்து நடந்தபோது வண்டி கொக்கு என்றது வட்டக் கம்பெனி. கொக்கின் பிரேக்கில் குறையில்லை என்றது மற்றது. இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. வாசகமும் ஒன்றுதான், தலைப்பு மட்டும் வேறு.

அவன் மனைவி ஹெப்சிபாவுக்கு அந்தக் காரைவிட்டால் பிழைப்பில்லை. அவளுக்கு ஓட்டத் தெரியும், லைசென்சும் இருந்தது. தெரு மெக்கானிக் மதி முன்பக்க நசுங்கலை நிமிர்த்தித் தந்தான். பிரேக் உறுப்பு கம்பெனியில் மட்டுமே கிடைக்கும் என்று அதைத் தொடவில்லை. அது மாறாமல் சாவியைத் தொட மாட்டேன் என்றாள் ஹெப்சிபா. அதற்கு முதலில் வண்டி அவள் பெயருக்கு வர வேண்டும். அங்கே வேறொரு சிக்கல். எங்கள் அம்மா சிலுவையம்மாள், மாதா கோயிலில் அவனுக்குச் சாவியோ என்று ஞானஸ்நானம் கொடுத்தார். அப்பா பொன்னுரங்கம் பள்ளிக்கூடத்தில் வெற்றி என்று எழுதிவைத்தார். இறப்புச் சான்றில் சாவியோ, ஆர்.சி. புத்தகத்தில் வெற்றி. வாரிசுச் சான்று கேட்டுப் போனபோது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா டில்லிபாபு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “செத்தது சாவியோ. வண்டி வெற்றியோடது. வெற்றி இன்னும் சாவலியேம்மா.”

“அப்ப வெற்றிய வூட்டுக்கு அனுப்பு சார்” என்றாள் ஹெப்சிபா. “அஞ்சு மாசமா சோறாக்கி வச்சிகினுக்கீறேன்.”

டில்லிபாபு ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். இரண்டு பெயரில் இருப்பவர்களுக்கு அரசாங்கம் தரும் தாள் அது: மேற்படி இருவரும் ஒருவரே எனச் சான்றளிக்கப்படுகிறது. நான்கு நடை, இரண்டு சாட்சி. நானும் ஒரு சாட்சி. கையில் வாங்கியதும் ஹெப்சிபா அந்த வரியை அங்கேயே நின்று மூன்று முறை படித்தாள். “மாமா, செத்துப்போன ஆளுக்கே ரெண்டும் ஒண்ணுன்னு எழுதித் தராங்க. உசுரோட நிக்கிற வண்டிக்குத் தரமாட்டாங்களா?” என்று என்னிடம் கேட்டுவிட்டு, திரும்பவும் அதே வரிசையில் போய் நின்றாள்.

விதியில் இடமில்லை என்றார் டில்லிபாபு. கூடாதென்றும் விதியில்லையே என்றாள் இவள். இரண்டு மாதம், திங்கள்தோறும் போனாள். ஒன்பதாவது திங்கள் அவர் எரிச்சலோடு எழுந்து, “வா, இன்னா கருமம்னு பாத்துடலாம்” என்று ஆபீஸ் ஜீப்பில் ஏறினார். மதி காரைக் கயிறு கட்டி இழுத்துப் பாலமேற்றினான். அவர் பின்னாலேயே வந்து இருமுறை பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. முப்பது வருடம் பெயர்களோடு மாரடித்தவர். படிவத்தில் ‘நபர்’ என்ற இடத்தை அடித்து ‘வாகனம்’ என்று எழுதி, வட்டமும் கொக்கும் ஒன்றே என்று அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கிக் கொடுத்தார்.

ஜோபின் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். ஸ்கேன் செய்து போட்டதும் சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. பிரேக் உறுப்பு மாற்ற நாற்பது நிமிடம் ஆனது. ஹெப்சிபா பெஞ்சில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, சத்தமில்லாமல் அழுதாள். அந்தச் சான்றின் நகல் கொக்கு வைத்திருந்தவர்களிடம் கைமாறிக் கைமாறிப் போனது. மூன்று வாரத்தில் கொக்குக் கம்பெனி, தங்கள் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்றும், அதை இலவசமாகச் சரிசெய்து தருவதாகவும் எல்லோருக்கும் கடிதம் அனுப்பியது. ஹெப்சிபாவுக்கும் ஒன்று வந்தது.

கார் இன்றும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. சவாரிகள் கேட்பதில்லை. போன வாரம் நான் அவளோடு வல்லூர் வரை போய்த் திரும்பினேன். பாலத்தின் உச்சியில், சரியாக மாறும் இடத்தில், முன்னால் போன டிரெய்லர் திடீரென்று நின்றது. ஹெப்சிபா மிதித்தாள். கார் நின்றது. அப்போது பின்னால் இருந்தது எந்தச் சின்னமென்று நாங்கள் இருவரும் இறங்கிப் பார்க்கவில்லை.