வக்கீல் அறையில் கடல்

அந்தக் குழந்தைகள் உரிமை நிறுவனத்தில் யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும், அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டதெல்லாம் முதல் நாளே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிடும். ஓட்டுநர் சேர்ந்த அன்று வாசலில் ஒரு நாய்க்குட்டி வாலாட்டிக்கொண்டு நின்றது. அவருடைய தம்பி மகன் வந்து தூக்கிக்கொண்டு போனான். கணக்காளர் சேர்ந்தபோது மாடிப்படியில் ஒரு சிவப்புச் சைக்கிள் சாய்ந்திருந்தது. அதைக் கேட்டிருந்த அவர் பையனுக்கு அதற்குள் மீசை முளைத்துவிட்டதால், முட்டி இடிக்க இடிக்க ஓட்டிக்கொண்டு போனான். உரியவர் வந்து வாங்கிக்கொண்டால்தான் வேலை உறுதி என்பது மேலாளர் அம்மாவின் சட்டம். வரவேற்புக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தையும் அதற்குப் பிறகுதான் பிரிப்பார். வீட்டுப் பிள்ளைக்கே டிமிக்கி கொடுத்தவர் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன செய்து கிழிக்கப் போகிறார் என்பது அவருடைய கட்சி.

வக்கீல் சேர்ந்த அன்று மதியம்வரை எதுவும் வரவில்லை. “பாத்தீங்களா மேடம், நம்ம கை சுத்தம்” என்று அவர் பிஸ்கட்டை நோக்கிக் கையை நீட்டியபோது கடல் வந்தது. மாடிப்படி ஏறி, மற்ற அறைகளை எட்டிக்கூடப் பார்க்காமல், நேராக அவர் அறைக்குள் நுழைந்து முழங்கால் அளவுக்கு நின்று அலையடித்தது. மேசைக்கடியில் ஒரு நண்டு ஓடியது.

மேலாளர் அம்மா பொட்டலத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். “யார்கிட்ட சொன்னீங்க?”

“பொண்ணுகிட்ட மேடம். லீவுக்குக் கடலுக்குப் போலாம்னு.”

“எந்த லீவுக்கு?”

“எல்லா லீவுக்கும்.”

மகள் இப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் அவள் பேச்சு ‘சரி’, ‘தெரியாது’, ‘சாப்பிட்டாச்சு’ என்று சுருங்கிப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வக்கீல் போன் செய்து அழைத்தார். “வேலை இருக்குப்பா” என்று வைத்துவிட்டாள். அவர் அவளிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அதே பதில். வேலை போனால் போகட்டும், அவள் வராமலே இருந்துவிடுவாளோ என்பதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் காத்திருந்தார்.

சாயங்காலம் அவள் வந்து கதவருகே நின்றாள். அவர் எழுந்து, தொழில் புத்தியில் வாதாடத் தொடங்கினார். “அந்த வருஷம் பெரிய கேஸ் ஒண்ணு…” தண்ணீர் தொடைக்கு ஏறியது. “அடுத்த வருஷம் உங்கம்மாவுக்கு ஒடம்பு…” இடுப்புக்கு ஏறியது. கோப்புகள் மிதக்கத் தொடங்கியதும் மேலாளர் அம்மா வராந்தாவிலிருந்து, “சார், வாய மூடுங்க!” என்று கத்தினார்.

வக்கீல் வாயை மூடினார். பிறகு, “மறந்தெல்லாம் போகலம்மா. நீ கேக்கறத நிறுத்திட்ட, நானும் அப்பாடான்னு விட்டுட்டேன்” என்றார்.

தண்ணீர் ஏறுவது நின்றது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நான் நெனச்ச கடல் இதவிடப் பெருசுப்பா” என்று சொல்லி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஓர் அலை வந்து தள்ளியதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் இருட்டும்வரை நண்டைத் துரத்தினார்கள். பிஸ்கட் பிரிக்கப்பட்டது, கொஞ்சம் உப்புக் கரித்தது.

போகும்போது அவள், “சனிக்கிழமையும் வரேன்” என்றாள். அதனால்தானோ என்னவோ கடல் முழுதாகப் போகாமல் கணுக்காலளவு தங்கிவிட்டது. அவள் படிப்பு முடிந்து, வேலைக்குச் சேர்ந்து, தன் பிள்ளையையே தூக்கிக்கொண்டு வரும் காலத்திலும் அது வற்றவில்லை. அலுவலகத்தில் இரும்பு அலமாரிக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு, வக்கீல் அறைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

அங்கே வரும் பிள்ளைகள் தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டுதான் தங்கள் வழக்கைச் சொன்னார்கள். “நான் எங்கம்மாகிட்ட போயிடுவேனா மாமா?” என்று ஒரு சிறுமி கேட்டபோது, நிச்சயமாக என்ற சொல் வக்கீலின் நாக்குநுனிவரை வந்துவிட்டது. அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

“தெரியலம்மா. ஆனா நாளைக்குக் காலையில கோர்ட்டுல உன் பக்கத்துல நான் நிப்பேன்” என்றார்.

தண்ணீர் அப்படியே இருந்தது. மறுநாள் காலையில் அவர் போய் நின்றார்.